நாட்டார் பாடலும் சி. வி. வேலுப்பிள்ளையும்

மாணவர்களே! நாட்டார் பாடல் என்றதும் தாலாட்டையும் ஒப்பாரியையும் மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். மலையகத்தில் அது அரசியலும் பேசியது. இதனை விளங்கிக்கொள்ள ஒருவருடைய வாழ்க்கையை அறிந்தால் போதும். அவர் கொத்மலைக்கு அண்மையிலுள்ள வட்டகொடை, மடக்கும்புர தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை.

கொழும்பு நாளந்தாக் கல்லூரியில் கற்ற இவர், சில காலம் ஆசிரியராகப் பணிபுரிந்தார். 1934இல் இலங்கைக்கு வந்த மகாகவி தாகூரிடம் தாம் எழுதிய இசை நாடகத்தைக் கொடுத்தபோது இவருக்கு வயது இருபது. உங்களைவிட நாலைந்து வயதுதான் அதிகம்!

தோட்டத்தில் பாட்டு எதற்குப் பயன்பட்டது? கங்காணியை எதிர்த்து நேரில் பேசினால் வேலை போகும். கடன் தீர்ந்ததற்கான துண்டு இல்லாமல் வேறு தோட்டத்திற்கும் போக முடியாது. (துண்டு முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது.) கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். இவற்றையெல்லாம் பெண்கள் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டே கேலியாகப் பாடினார்கள். இரவில் லயத்து வாசலில் தப்புச் சத்தத்தோடு ஆண்கள் பாடினார்கள். பாடியவர் யார் என்று எவரும் பிடிக்க முடியாது. பாட்டுக்குப் பெயர் போட்டுக்கொள்ளாததில் இப்படி ஒரு பாதுகாப்பும் இருந்தது என்பது என் எண்ணம்.

பெயர் போட்டுப் பாடியவரும் உண்டு. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள், மக்கள் அறிந்த மெட்டுகளில் அரசியல் பாடல்களை இயற்றிக் கூட்டங்களில் பாடினார். 1940இல் அவற்றைச் சிறு நூலாகவும் வெளியிட்டார்.

வேலுப்பிள்ளை முதலில் வேறு வழியில் போனார். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் தலவாக்கலைத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் சென்றார். அக்கட்சியிலிருந்து வென்றோர் எழுவர். மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது; 1949இல் வாக்குரிமையும் பறிபோனது. 1952 தேர்தலில் அவருக்கு வாக்களித்த மக்களில் மிகப் பெரும்பாலோரின் பெயர் இடாப்பில் இல்லை. அதே ஆண்டு நடந்த சத்தியாக்கிரகத்தில் அவரும் கலந்துகொண்டார். (1948, 1949 ஆகிய இரு ஆண்டுகளையும் மாற்றி எழுதும் மாணவர் பலர். கவனம்!)

பதவி போன பின்பு தொழிற்சங்க வேலையும் எழுத்துமே வாழ்வாயின. தேயிலைத் தோட்டம் பற்றிய அவரது புகழ்பெற்ற நெடுங்கவிதை ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. உலகம் அறிய அது உதவியது, உண்மைதான். ஆனால் அதில் வரும் கொழுந்து பறிக்கும் பெண்ணால் அதை வாசிக்க முடியாது. சக்தீ அ. பாலையா பின்னர் அதைத் தமிழாக்கினார். வேலுப்பிள்ளையே தமிழில் எழுதிய நாவல்களில் 'வீடற்றவன்' முக்கியமானது.

எனினும் அவர் செய்தவற்றுள் பெரிய வேலை எது என்று கேட்டால், பாடல்களைத் தேடித் திரட்டியதையே நான் சொல்வேன். கடல் கடந்து கண்டிச் சீமைக்கு வந்த துயரம், கோப்பிக் காலத்துக் கஷ்டம், கங்காணியின் கள்ளக் கணக்கு, துரையின் அதட்டல் ஆகியவற்றை அவை சொல்கின்றன. துரைமார் எழுதிவைத்த குறிப்புகளில் தொழிலாளி ஓர் எண் மட்டுமே. பாட்டில்தான் அவள் பேசுகிறாள். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டியிருந்தது. பாடத் தெரிந்த பாட்டிமார் பலரும் கப்பலேறினார்கள். எழுதி வைக்காவிட்டால் அவர்களோடு பாட்டும் போயிருக்கும்.

'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற அத்தொகுப்பு 1983இல் சென்னையில் வெளிவந்தது. அடுத்த ஆண்டே, 1984இல், அவர் காலமானார். எஞ்சியோருக்கும் பிரஜாவுரிமை வழங்கிய சட்டம் 2003இல் நிறைவேறியது. அதனைக் காண அவர் இருக்கவில்லை.

பயிற்சி: உங்கள் தோட்டத்தில் வயதான ஒருவரிடம் கொழுந்துப் பாட்டு ஒன்றைக் கேட்டு, அவர் பாடியபடியே கொப்பியில் எழுதி வாருங்கள். சொல்லைத் திருத்த வேண்டாம்.