எண்ணிப் பார்த்த பெண்

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எங்களுக்கு, பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் நிறமூர்த்தங்கள், ஆணுக்கு ஓர் எக்ஸும் ஒரு வையும் என்பது மனப்பாடம். பரீட்சையில் கேட்டால் அரை நிமிடத்தில் எழுதிவிடுவோம். அந்த அரை நிமிட விடைக்காக ஒரு பெண் ஆண்டுக்கணக்கில் நுணுக்குக்காட்டியின் மேல் குனிந்திருந்தார் என்பதை நான் அண்மையில்தான் வாசித்து அறிந்தேன். அவர் பெயர் நெட்டி மரியா ஸ்டீவன்ஸ். கல உயிரியலின் வரலாற்றில் நிலைத்துவிட்ட பெயர் அது. அவருடைய வாழ்க்கையை நம் கல்லூரி மாணவிகளுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

நெட்டி 1861 ஜூலை 7 ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்தில் கவென்டிஷ் என்ற ஊரில் பிறந்தார். தந்தை ஒரு தச்சர். சிறு வயதிலேயே தாயை இழந்த நெட்டியும் சகோதரி எம்மாவும், பின்னர் குடும்பம் குடியேறிய மசசூசெட்ஸ் மாநிலத்து வெஸ்ட்ஃபோர்ட் ஊரில் வளர்ந்தார்கள். படிப்பில் கெட்டிக்காரியான நெட்டி, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் நான்கு ஆண்டுப் பாடநெறியை இரண்டே ஆண்டுகளில் முடித்தார்.

ஆனால் படித்த பெண்ணுக்கு அன்று திறந்திருந்த கதவுகள் மிகச் சில. நெட்டி ஆசிரியையாக வேலை பார்த்தார். நூலகராகவும் வேலை பார்த்தார். சம்பளத்தில் சிறுகச் சிறுகச் சேமித்தார். பல்கலைக்கழகம் போக வேண்டும், ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்ற ஆசையை மட்டும் அவர் விடவில்லை. 1896 இல், தமது 35 ஆவது வயதில், நாட்டின் மறுகோடியான கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மாணவியாகச் சேர்ந்தார். தம்மைவிட எவ்வளவோ இளையவர்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து படித்து 1899 இல் முதற்பட்டமும், 1900 இல் முதுமாணிப் பட்டமும் பெற்றார்.

அடுத்து அவர் சென்றது பென்சில்வேனியாவிலுள்ள பிரின் மோர் கல்லூரிக்கு. அது பெண்களுக்கென்றே 1885 இல் தொடங்கப்பட்ட கல்லூரி. கலாநிதிப் பட்டம் வரை பெண்கள் அங்கே படிக்க முடிந்தது. அங்கிருந்து இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரக் கடல் விலங்கியல் நிலையத்துக்கும், ஜெர்மனியில் தியடோர் பொவேரி என்ற கலவியல் மேதையின் ஆய்வுகூடத்துக்கும் போய்ப் பயின்று வந்தார். 1903 இல் கலாநிதிப் பட்டம் கிடைத்தபோது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது.

அந்த நாட்களில் விஞ்ஞானிகள் முன்னே பழைய கேள்வியொன்று இருந்தது. கருவிலுள்ள பிள்ளை ஆணா பெண்ணா என்பது எப்படித் தீர்மானமாகிறது? தாய் உண்ணும் உணவும் சூழலின் வெப்பமும்தான் காரணம் என்று கற்றவர்களே பலர் நம்பினார்கள். கலத்தின் கருவுக்குள் இருக்கும் நிறமூர்த்தங்களுக்கும் இதற்கும் தொடர்பிருக்கலாம் என்று சிலர் ஐயுற்றார்கள். ஆனால் தெளிவான சான்று எவரிடமும் இல்லை.

நெட்டி தேர்ந்தெடுத்தது மாவிலும் தானியத்திலும் வளரும் ஒரு சாதாரண வண்டினம். அதன் இனப்பெருக்க உறுப்புகளை எடுத்துப் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, மிக மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தார். பிறகு ஒவ்வொரு கலத்திலும் நிறமூர்த்தங்களை எண்ணினார். எண்ணியதைக் கையால் வரைந்தார். அன்று வேறு வழி இருக்கவில்லை. பொறுமையும் கூர்மையான கண்ணும்தான் கருவிகள்.

பெண் வண்டின் உடற்கலங்களில் 20 பெரிய நிறமூர்த்தங்கள் இருந்தன. ஆண் வண்டின் உடற்கலங்களில் 19 பெரியவையும், ஒன்று மிகச் சிறியதாகவும் இருந்தன. ஆணின் விந்துக் கலங்களைப் பார்த்தபோது அவை இரு வகையாகத் தெரிந்தன. பாதியில் 10 பெரிய நிறமூர்த்தங்கள். மறு பாதியில் 9 பெரியவையும் அந்தச் சிறிய ஒன்றும். முட்டைக் கலங்களிலோ இந்த வேறுபாடு இல்லை. எல்லாவற்றிலும் 10 பெரியவையே. எனவே முட்டையோடு எந்த வகை விந்துக் கலம் சேர்கிறது என்பதே பிறப்பது ஆணா பெண்ணா என்பதை முடிவுசெய்கிறது என்ற தீர்மானத்துக்கு அவர் வந்தார். 1905 இல் வாஷிங்டன் கார்னகி நிறுவனம் அந்த ஆய்வை வெளியிட்டது. அந்தச் சிறிய நிறமூர்த்தத்தைத்தான் நாம் இன்று வை என்கிறோம்.

நான் சொல்வதாகக் கூறிய காரணம் இதுதான். எனக்கு இரண்டு ராத்தாமார். மூன்றாவதும் பெண்ணாக நான் பிறந்தபோது, பார்க்க வந்தவர்களில் சிலர் உம்மாவுக்காக அனுதாபப்பட்டார்களாம். ஓர் உறவினர், உம்மாவின் வயிற்று வாகு அப்படி என்று வாப்பாவின் முன்னாலேயே சொன்னாராம். உம்மா ஒன்றும் பேசவில்லை. அல்லாஹ் தந்தது என்று மட்டும் சொன்னாராம். பெண் பிள்ளைகளையே பெற்றதற்காகத் தாயைக் குறை சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் மட்டுமா இருக்கிறது? எத்தனை வீடுகளில், எத்தனை மொழிகளில் அந்தப் பேச்சு நடக்கிறது! அந்தப் பேச்சுக்கு விஞ்ஞானத்தில் ஆதாரம் இல்லை என்பதை ஒரு மா வண்டின் கலங்களை எண்ணிக் காட்டத் தொடங்கியவர் நெட்டி ஸ்டீவன்ஸ். தாயின் முட்டை எப்போதும் எக்ஸையே கொடுக்கிறது. வேறுபாடு தந்தையின் விந்துக் கலத்தில் இருக்கிறது. அதற்காகத் தந்தையைக் குற்றம் சொல்லவும் இடமில்லை. இலட்சக்கணக்கான விந்துக் கலங்களில் எது முந்தும் என்பதை எந்த மனிதனும் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு முறையும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதிக்குப் பாதிதான்.

அதே காலத்தில் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்மண்ட் வில்சனும் வேறு பூச்சிகளில் தனியாக ஆராய்ந்து இதே திசையில் வந்து சேர்ந்திருந்தார். அவர் ஏற்கனவே புகழ் பெற்றவர். ஆகையால் பல ஆண்டுகள் இந்தக் கண்டுபிடிப்பு பெரும்பாலும் அவர் பெயரோடேயே பேசப்பட்டது. பிரின் மோரில் நெட்டிக்குக் கற்பித்த தோமஸ் மோர்கன் அப்போது நிறமூர்த்தக் கொள்கையை முழுதாக ஏற்கவில்லை. பின்னாளில் பழ ஈக்களை ஆராய்ந்து அதே கொள்கையை நிலைநாட்டிய அவருக்கு 1933 இல் நோபல் பரிசு கிடைத்தது. நெட்டியின் பெயரோ மெல்லப் பின்னுக்குப் போய், நெடுங்காலத்துக்குப் பிறகே உரிய இடத்துக்குத் திரும்பியது.

அவர் இவற்றுக்காகக் காத்திருக்கவில்லை. வண்டுகள், ஈக்கள், செடிப்பேன்கள் என்று ஒவ்வோர் இனமாக எடுத்து எண்ணிக்கொண்டே போனார். சில ஆண்டுகளுக்குள் நாற்பதுக்குக் கிட்டிய ஆய்வுக் கட்டுரைகளை எழுதி முடித்தார். ஆராய்ச்சிக்கே முழு நேரத்தையும் கொடுக்கக்கூடிய ஒரு பேராசிரியர் பதவியை பிரின் மோர் கல்லூரி அவருக்கென்றே உருவாக்கியது. வாழ்நாள் முழுவதும் அவர் விரும்பியது அதைத்தான். ஆனால் பொறுப்பேற்குமுன் மார்பகப் புற்றுநோய் அவரைப் பிடித்தது. 1912 மே 4 ஆம் திகதி பால்டிமோர் நகர மருத்துவமனை ஒன்றில் அவர் காலமானார். வயது 50. ஆராய்ச்சியில் அவருக்குக் கிடைத்தது ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் மட்டுமே.

அவர் கண்ட சிறிய நிறமூர்த்தத்தின் கதை அவரோடு முடியவில்லை. மனிதனிலும் அது இருப்பது 1920 களில் தெரியவந்தது. மனிதக் கலத்தில் 46 நிறமூர்த்தங்கள் என்ற சரியான கணக்கு 1956 இல் வந்தது. கருவை ஆணாக வளரத் தூண்டும் பரம்பரையலகு வை நிறமூர்த்தத்தில் எங்கே உள்ளது என்பதை 1990 இல் இலண்டன் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். அடுத்த ஆண்டிலேயே, இரண்டு எக்ஸ் கொண்ட எலிக் கருவில் அந்த ஒரு பரம்பரையலகைச் சேர்த்தபோது அது ஆணாக வளர்ந்ததையும் காட்டினார்கள். மனித வை நிறமூர்த்தத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசித்து முடிக்க 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரே மாதிரியான துண்டுகள் அதில் திரும்பத் திரும்ப வருவதால் எதை எங்கே பொருத்துவது என்று தெரியாமல் அதில் பாதிக்கு மேல் வெற்றிடமாகவே கிடந்தது. நீளமான டீ.என்.ஏ. துண்டுகளை ஒரே வீச்சில் வாசிக்கும் புதிய முறைகள் வந்த பிறகுதான் 6 கோடி 24 இலட்சத்துக்கு மேற்பட்ட எழுத்துகளும் முழுமையாகக் கிடைத்தன. மனித நிறமூர்த்தங்களில் கடைசியாக முழுதும் வாசிக்கப்பட்டது நெட்டியின் அந்தச் சிறிய நிறமூர்த்தம்தான்.

என் வகுப்புத் தோழிகளில் சிலர், முதல் தடவை பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்று அழுவதைப் பார்க்கிறேன். குடும்பப் பொறுப்பால் படிப்பை நிறுத்திய ராத்தாமாரும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது, முப்பத்தைந்து வயதில் முதலாம் ஆண்டு மாணவியான இந்தத் தச்சர் மகளைப் பற்றித்தான்.

தங்கைமாரே, இன்னொன்றும் கேட்பேன். எங்காவது ஒரு வீட்டில், பெண் குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாயை யாராவது குறையாகப் பேசினால் வாய்மூடி இருந்துவிடாதீர்கள். மரியாதையாகவே பேசுங்கள். 20 பெரியவை, 19 பெரியவையும் ஒரு சிறியதும் என்ற அந்தக் கணக்கைச் சொல்லுங்கள். நாம் பரீட்சைக்காகப் படித்த பாடம் அந்தத் தாய்க்கும் பயன்படட்டும்.