நாதமுனிகள்: பத்துப் பாசுரங்களோடு புறப்பட்டவர்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

சில மாதங்களுக்கு முன், இணையவழித் திவ்யப்ரபந்த வகுப்பில் வெளிநாட்டில் வளரும் ஓர் இளைஞர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். நாதமுனிகள் திருநாட்டுக்கு எழுந்தருளியது கங்கைகொண்ட சோழபுரத்தில் என்று குருபரம்பரை கூறுகிறது. அந்த நகரமோ அவருக்கு நூறாண்டு பிற்பட்ட ராஜேந்திர சோழன் அமைத்தது. இது எவ்வாறு பொருந்தும் என்பதே அவர் கேள்வி. நாம் நேரமாகிவிட்டது என்று சொல்லி வகுப்பை முடித்துவிட்டோம். வவுச்சர் இல்லாத பதிவை ஏற்காத வங்கிப் பணியிலேயே வாழ்நாளைக் கழித்த நாம், நியாயமான ஒரு கேள்வியைத் தட்டிக்கழித்தது அன்றுமுதல் உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் அம்மஹாசார்யரின் சரிதத்தை மீண்டும் ஒருமுறை ஊன்றி அநுபவிக்கத் தொடங்கினோம்.

ஆசார்ய பரம்பரையில் நம்மாழ்வாருக்கு அடுத்து எழுந்தருளியிருப்பவர் ஸ்ரீமந்நாதமுனிகள். இன்று காட்டுமன்னார்கோயில் என்று வழங்கும் வீரநாராயணபுரத்தில், ஈசுவர பட்டரின் திருக்குமாரராக, சோபகிருது வருஷம் ஆனி மாதம் அநுஷத் திருநக்ஷத்ரத்தில் அவதரித்தார். இது கி.பி. 823 என்பர் பெரியோர். திருக்குமாரரான ஈசுவரமுனிகளுடனும் குடும்பத்தாருடனும் வடநாட்டு திவ்யதேசங்களை ஸேவித்து, யமுனைக் கரையில் சிலகாலம் வாழ்ந்து, பின்னர் மன்னனார் ஸந்நிதிக்கே திரும்பிக் கைங்கர்யம் செய்துவந்தார். அந்த யமுனையின் நினைவே பிற்காலத்தில் அவருடைய திருப்பேரனார்க்கு யாமுநர் என்ற திருநாமமாயிற்று. அவரே ஆளவந்தார்.

ஒருநாள் வெளியூரிலிருந்து வந்த ஸ்ரீவைஷ்ணவர்கள் சிலர் மன்னனார் திருமுன்பே ஆராவமுதே என்று தொடங்கும் குடந்தைப் பதிகத்தை ஸேவித்தனர். அதன் நிறைவுப் பாசுரம் இப்பத்தும் ஓர் ஆயிரத்துள் அடங்கியது என்று அறிவிப்பதை நாதமுனிகள் கவனித்தார். மற்றப் பாசுரங்கள் எங்கே என்று வினவினார். தங்களுக்குத் தெரிந்தவை இவ்வளவே என்றனர் வந்தவர்கள்.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். அவர் கையில் இருந்தவை பத்துப் பாசுரங்களும் ஓர் எண்ணும் மட்டுமே. ஏடு இல்லை, ஓதுவிப்பாரும் இல்லை. கிடைத்த பத்தே போதும் என்று அவர் அமைந்திருக்கலாம். ஆயிரம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று தள்ளியும் இருக்கலாம். குறைந்த தொள்ளாயிரத்துச் சொச்சத்தைத் தம் புலமையால் நிரப்பவும் வல்லவர் அவர். இம்மூன்றையும் செய்யாமல் ஆழ்வாருடைய திருவவதார ஸ்தலத்தை நோக்கி நடந்தார்.

பொருநைக் கரையில் உள்ள திருக்குருகூரில் மதுரகவிகளின் சிஷ்ய பரம்பரையில் வந்த பராங்குசதாஸரைக் கண்டார். அங்கும் ஏடு கிடைக்கவில்லை. திருவாய்மொழியும் மற்றப் பிரபந்தங்களும் நெடுங்காலம் முன்பே வழக்கொழிந்தன என்றும், மதுரகவிகள் அருளிய கண்ணிநுண் சிறுத்தாம்பு மட்டும் தங்களிடம் உள்ளது என்றும் அவர் தெரிவித்தார். அந்தப் பதினொரு பாசுரங்களை ஆழ்வார் திருமுன்பே பன்னீராயிரம் உரு ஸேவித்தால் ஆழ்வார் ப்ரஸந்நராவார் என்பது பெரியோர் வழி வந்த செய்தி என்றும் கூறினார்.

நாதமுனிகள் திருப்புளியின் அடியில் யோகத்தில் எழுந்தருளி, பன்னீராயிரம் உருவும் நிறைவு செய்தார். ஆழ்வார் ஸாக்ஷாத்கரித்து, திருவாய்மொழி உள்ளிட்ட நாலாயிரத்தையும், அவற்றின் அர்த்தங்களையும், யோக ரஹஸ்யத்தையும் அருளினார் என்பது நம் ஸம்ப்ரதாயத்தின் நிலைநாட்டு. ஆயிரம் தேடிப் போனவர்க்கு நாலாயிரம் கிடைத்தது.

வீரநாராயணபுரம் மீண்ட அவர் அப்பாசுரங்களை நான்கு பகுதிகளாக வகுத்தார். தம் மருமக்களான கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் இருவர்க்கும் இசையோடு பயிற்றுவித்தார். திருவரங்கத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஆழ்வார்திருநகரியிலும் இன்று நாம் ஸேவிக்கும் அரையர் ஸேவையின் ஊற்று அதுவே. உய்யக்கொண்டாரிடம் திவ்யப்ரபந்தத்தையும், குருகைக் காவலப்பனிடம் யோகத்தையும் ஒப்படைத்தார். பின்னே பிறக்கவிருந்த பேரனார்க்கு இவை சென்று சேர வேண்டும் என்று நியமித்தார்.

இனி இளைஞரின் கேள்விக்கு வருவோம். கேள்வி உண்மையானதே. வீரநாராயணன் என்பது 907 முதல் 955 வரை ஆண்ட முதற் பராந்தகனின் விருதுப்பெயர். ராஜேந்திரன் ஆட்சி 1014இல்தான் தொடங்குகிறது. 823இல் அவதரித்தவரின் சரிதத்தில் இவ்விரு பெயர்களும் வருகின்றன. குருபரம்பரையை ஏட்டில் எழுதிய பெரியோர்கள் அவருக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவர்கள். தங்கள் காலத்தில் வழங்கிய ஊர்ப்பெயரை அவர்கள் இட்டிருக்கலாம்; ஆண்டுக் கணக்கு பின்னர் எழுந்ததாகவும் இருக்கலாம். இதில் அறுதியிட்டுச் சொல்ல நம்மிடம் சான்று இல்லை. இல்லாத சான்றை உண்டாக்கிக் காட்டுவது ஆசார்யனுக்குச் செய்யும் கைங்கர்யம் ஆகாது.

சான்று உள்ள இடங்களும் உண்டு. ஆளவந்தார் தம் ஸ்தோத்ர ரத்னத்தின் தொடக்கத்தில் நாதமுனிகளின் ஞானத்தையும் பக்தியையும் வணங்குகிறார். நம்மாழ்வார் திருவடிகளில் தலை வைக்கிறார். முடிவில் பாட்டனாரை முன்னிட்டே எம்பெருமானிடம் பொறுத்தருள வேண்டுகிறார். குருகூர் நிகழ்ச்சியை அத்துதி விவரிக்கவில்லை. ஆயினும் இரண்டே தலைமுறைக்குள் நாதமுனிகளும் ஆழ்வாரும் ஒரு பேரறிஞரின் உயிராக இருந்தமைக்கு அது சாக்ஷி. ராஜேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு, கோயிலில் திருவாய்மொழி ஓதுவோர்க்கு நெல் அளந்ததைச் சொல்கிறது. பாசுரங்கள் மீண்டு கோயிலில் நிலைபெற்றுவிட்டன என்பதைக் கல்லே கூறுகிறது. மீண்ட விதத்தை மட்டும் கல் கூறாது. அதை ஆசார்யர்கள் வாய்மொழியாகவே பெறுகிறோம்.

மற்றொன்றும் நம் நெஞ்சைத் தொடுகிறது. பிறர் பாசுரங்களை மீட்ட நாதமுனிகளின் சொந்த நூலான ந்யாயதத்துவம் இன்று முழுமையாக இல்லை. வேதாந்த தேசிகர் போன்றோர் எடுத்தாண்ட பகுதிகளாலேயே அதை அறிகிறோம். யோக ரஹஸ்யமோ குருகைக் காவலப்பனோடு மறைந்தது. அதைப் பெறுவதற்குக் குறித்த நாளில் ஆளவந்தார் திருவனந்தபுரத்தில் இருந்தார். நாள் தவறியதை அங்கேதான் உணர்ந்தார். இந்த இழப்பை மறைக்காமல் எழுதி வைத்ததும் நம் குருபரம்பரையே. கிடைத்ததைக் கிடைத்தது என்றும், தொலைந்ததைத் தொலைந்தது என்றும் சொல்லும் பரம்பரையை நாம் நம்புவதில் வெட்கம் இல்லை.

ஒருநாள் வேட்டைக் கோலத்தில் வந்து சென்ற அரசனையும் உடன் வந்தோரையும், ஸீதாலக்ஷ்மணருடன் சக்ரவர்த்தித் திருமகனே வந்ததாக எண்ணி, அவர்கள் சென்ற வழியே நாதமுனிகள் ஓடினார். அவர்களைக் காணாமல் அந்த ஆற்றாமையிலேயே திருநாட்டுக்கு எழுந்தருளினார். அவ்விடத்தின் அன்றைய பெயர் எதுவாயினும், அவர் எதைத் தேடி ஓடினார் என்பதில் நமக்கு ஐயம் இல்லை.

அந்த இளைஞர்க்கு இவற்றையெல்லாம் எழுதி அனுப்பினோம். ஆண்டுக் கணக்கு நமக்கும் தீரவில்லை என்பதையும் சேர்த்தே எழுதினோம். அவர் அடுத்த வகுப்புக்கு வந்தார். அன்று ஆராவமுதே பதிகத்தைச் சேர்ந்து ஸேவித்தோம். நாதமுனிகள் புறப்பட்டதும் அந்தப் பத்தோடுதானே.

நாதமுனிகள் திருவடிகளே சரணம்.