எழுதப் படிக்கத் தெரியாத ஹைதர் அலி

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பாசஞ்சர் ரயில் பரங்கிப்பேட்டையில் நிற்கும்போது எனக்கு ஹைதர் அலி ஞாபகம்தான் வரும். எழுதப் படிக்கத் தெரியாதவர், எங்க அப்பா மாதிரி. படைவீரராகச் சேர்ந்து மைசூரையே ஆண்டார். 1780-ல் ஆற்காடு நவாபின் சீமைமேல் பெரும்படையோடு பாய்ந்தார். வெள்ளையரை நடுங்க வைத்த மாவீரர்தான், மறுக்கல. ஆனா வழியில அவர் படை கொளுத்தினது ஏழைக் குடியானவன் வீட்டையும் வயலையும்தானே!

சிதம்பரம் கோயிலையே அவர் படை கோட்டையாக்கியது. 1781 ஜூனில் ஆங்கிலத் தளபதி அயர் கூட் அதைத் தாக்கித் தோற்றார். ஆனால் ஜூலை 1-ல் பரங்கிப்பேட்டையில் ஹைதருக்குத் தோல்வி. 1782 ஏப்ரலில் பிரெஞ்சுக்காரரும் மைசூர்ப் படையும் சேர்ந்து கடலூரைப் பிடித்தார்கள். அந்த டிசம்பர் 7-ல் சித்தூர் அருகே ஹைதர் இறந்தார். 1783-ல் ஐரோப்பாவில் சமாதானம் என்று சேதி வந்ததும், பிரெஞ்சுக்காரர் கடலூரில் சண்டையை நிறுத்தி, மகன் திப்புவைத் தனியே விட்டுவிட்டார்கள்.