ஒரு குழாய், ஒரு தட்டு, இரண்டு கால்!
யுத்த களத்தை மாற்றிய என்ஜினீயர் ஸ்டோக்ஸின் கதை

அவர் பட்டாளத்துக்காரர் அல்ல. பீரங்கி செய்வது அவருடைய தொழிலும் அல்ல. பாலம் கட்டுவார். பளு தூக்கும் யந்திரம் செய்வார்.

ஆனால் முதல் உலக யுத்தத்தில், பெரிய பெரிய தளபதிகள் வழி தெரியாமல் திகைத்தபோது, அவர்தான் வழி காட்டினார்.

அவர் பெயர் வில்பிரட் ஸ்டோக்ஸ்.

ரெயில்வேயில் தொழில் பயின்றவர்

ஸ்டோக்ஸ் 1860-ம் ஆண்டு இங்கிலாந்தில் உள்ள லிவர்பூல் நகரில் பிறந்தார். படிப்பு முடிந்ததும் ரெயில்வே கம்பெனியில் சேர்ந்து தொழில் பயின்றார். ரெயில் பாதைகளுக்குப் பாலங்கள் அமைக்கும் வேலையைப் பார்த்தார்.

பிறகு இப்ஸ்விச் என்ற ஊரில் இருந்த யந்திரத் தொழிற்சாலையில் சேர்ந்தார். பளு தூக்கும் யந்திரங்களும், அணைக்கட்டுகளுக்கான மதகுக் கதவுகளும் அங்கே தயாராயின. எகிப்து நாட்டில் நைல் நதியின் தண்ணீரைத் தேக்கிய கதவுகள் அந்தத் தொழிற்சாலையில் செய்தவைதான்.

ஸ்டோக்ஸ் தம் உழைப்பால் அதன் தலைவராக உயர்ந்தார். அவருக்கு 54 வயது ஆனபோது யுத்தம் வந்தது.

மண்ணுக்குள் யுத்தம்

1914-ம் ஆண்டு ஆகஸ்டில் யுத்தம் தொடங்கியது. சில மாதங்களில் முடிந்துவிடும் என்று பலர் எண்ணினார்கள். முடியவில்லை.

பிரான்சிலும் பெல்ஜியத்திலும் இரு தரப்பாரும் மண்ணைத் தோண்டி, பதுங்கு குழிகளில் இறங்கிக்கொண்டார்கள். தலையைத் தூக்கினால் துப்பாக்கிக் குண்டு பாயும். சில இடங்களில் எதிரியின் குழி கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ஆனாலும் அவனைத் தாக்க முடியவில்லை.

காரணம் என்ன?

துப்பாக்கிக் குண்டு நேராகப் போகும். அது குழிக்கு மேலே பறந்துவிடும். பெரிய பீரங்கிகளோ வெகு தூரம் பின்னால் இருந்தன. அவற்றின் குறி கொஞ்சம் தவறினால் சொந்தச் சிப்பாய்கள் தலையிலேயே குண்டு விழும்.

மதில் சுவருக்கு அப்பால் இருப்பவன்மேல் கல்லை எறிய வேண்டுமானால் எப்படி எறிவோம்? மேல்நோக்கித்தானே வீசுவோம்! கல் உயரே போய்த் தலைமேல் விழும். அப்படிக் குண்டை வீசும் பீரங்கிக்கு ‘மார்ட்டர்’ என்று பெயர்.

ஜெர்மானியர் முந்திக்கொண்டார்கள்

இந்தக் கருவி பழையதுதான். கூகோர்ன் என்ற டச்சு என்ஜினீயர், சிப்பாய்கள் தூக்கிச் செல்லக்கூடிய சிறு மார்ட்டரை 17-ம் நூற்றாண்டிலேயே செய்துவிட்டார். பிறகு பல நாடுகள் அதை மறந்தன.

ஜெர்மானியர் மறக்கவில்லை. 1904-ல் மூண்ட ரஷிய–ஜப்பானிய யுத்தத்தைக் கவனித்துப் பாடம் கற்றார்கள். முன்கூட்டியே மார்ட்டர்களைச் செய்து வைத்திருந்தார்கள்.

பிரிட்டிஷ் சிப்பாய்களிடம் அப்படி ஒன்றும் இல்லை. ஜாம் டப்பாவில் வெடிமருந்தை அடைத்து வீசினார்கள். கவண் கட்டிக் குண்டு எறிந்தார்கள். கிடைத்த குழாயை வைத்துப் பீரங்கி செய்தார்கள். சில சமயம் அது அவர்கள் கையிலேயே வெடித்தது. எதிரியைக் கொல்லச் செய்த கருவி, செய்தவனையே கொன்றது!

எளிய யோசனை

1915-ம் ஆண்டுத் தொடக்கத்தில் ஸ்டோக்ஸ் இதற்கு விடை கண்டார்.

ஓர் இரும்புக் குழாய். அதன் அடியில் ஒரு தட்டு. முன்னால் தாங்கி நிற்க இரண்டு கால். அவ்வளவுதான்!

குழாயின் அடியில் ஓர் ஊசி முனை உண்டு. குண்டின் அடியில் தோட்டா இருக்கும். குண்டைக் குழாயின் வாயில் போட்டால் அது தானாகவே வழுக்கி இறங்கும். தோட்டா ஊசியில் மோதி வெடிக்கும். அடுத்த கணம் குண்டு மேலே பறக்கும். வெடிப்பின் உதையை அடித்தட்டு பூமிக்குள் தள்ளிவிடும். அதனால் பெரிய பீரங்கிகளுக்கு வேண்டிய பாரமான யந்திர அமைப்பு எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

மொத்த எடை சுமார் 47 கிலோ. மூன்றாகப் பிரித்துச் சில சிப்பாய்களே தூக்கிச் செல்லலாம். நிமிடத்துக்கு 20 குண்டுகளுக்கு மேல் வீசலாம். குண்டு சுமார் 700 மீட்டர் தூரம் போகும்.

வேண்டாம் என்ற அதிகாரிகள்

ராணுவ அதிகாரிகள் மகிழ்ந்து ஏற்றுக்கொண்டார்களா? இல்லை! கையிருப்பில் இருந்த குண்டுகள் இந்தக் குழாய்க்குப் பொருந்தாது என்று தள்ளிவிட்டார்கள்.

அங்கே குழிகளில் சிப்பாய்கள் தினம் தினம் செத்துக்கொண்டிருந்தார்கள். இங்கே கருவி தயாராக இருந்தும் முடங்கிக் கிடந்தது.

அப்போது ஆயுத மந்திரியாக இருந்தவர் லாயிட் ஜார்ஜ். கருவியின் அருமை அவருக்கு விளங்கியது. அதைச் செய்ய அவர் துணிந்து ஏற்பாடு செய்தார். அதற்குக் கைகொடுத்தது, யுத்த உதவிக்காக ஓர் இந்திய மகாராஜா கொடுத்த பணம்!

1915 செப்டம்பரில் லூஸ் என்ற இடத்தில் நடந்த போரில், எதிரியின் கண்ணை மறைக்கப் புகைக் குண்டு வீச ஸ்டோக்ஸ் மார்ட்டர் பயன்பட்டது. 1916-ல் சோம் நதிப் போரில் அது பிரிட்டிஷ் படையின் முக்கிய ஆயுதமாகிவிட்டது. பின்னர் அமெரிக்கப் படையும் அதை ஏந்தியது.

அதில் குறையும் இருந்தது. குண்டுக்கு வால் இல்லை. ஆகாயத்தில் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே போகும். குறி தவறும். பிராண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் பிற்காலத்தில் குண்டுக்கு வால் வைத்து அந்தக் குறையை நீக்கினார்.

பட்டமும் பழியும்

1917-ல் ஸ்டோக்ஸுக்கு ‘சர்’ பட்டம் கிடைத்தது. 1927-ம் ஆண்டு தமது 66-வது வயதில் அவர் காலமானார்.

அவருடைய கருவி சாகவில்லை. குழாய், தட்டு, இரண்டு கால் என்ற அதே அமைப்பில்தான் உலகெங்கும் இன்றும் மார்ட்டர்கள் செய்யப்படுகின்றன. நம் இந்திய ராணுவத்திலும் அவை உண்டு.

அவர் தொழிற்சாலையில் செய்த மதகுக் கதவுகள் வயலுக்குத் தண்ணீர் விட்டன. பயிர் விளைந்தது. அவர் செய்த குழாயோ குண்டு மழை பொழிந்தது. அதில் மாண்டவர்களும் தாய் பெற்ற பிள்ளைகளே.

இரண்டையும் செய்தது ஒரே மனிதரின் மூளைதான். அதை எதற்குப் பயன்படுத்துவது என்பதைக் காலம் முடிவு செய்தது. சமாதானக் காலமாக இருந்தால் அவர் இன்னும் ஒரு பாலம் கட்டியிருப்பார்!