சாலார் ஜங் பெருமகனாரும் அவர் சேர்த்த செல்வமும்

செல்வம் சேர்த்தார் பலர். சேர்த்ததைத் துய்த்தாரும் பலர். தாம் மறைந்த பின்னரும் அச்செல்வம் ஓரிடத்திலேயே நிலைத்து நின்று, ஊராரும் பிறரும் கண்டு மகிழும் பொதுப் பொருளாக அமையப் பெற்றவர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர், மூன்றாம் சாலார் ஜங் என்று பெயர் விளங்கிய நவாப் மீர் யூசுப் அலி கான் அவர்கள். ஊரிலிருந்து உறவினர் வந்தால் சார்மினாரையும் கோல்கொண்டாக் கோட்டையையும் காட்டிவிட்டு, மூசி ஆற்றங்கரையிலுள்ள சாலார் ஜங் அருங்காட்சியகத்திற்கும் அழைத்துச் செல்வது ஹைதராபாத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் வழக்கம். அங்குள்ள இசைக் கடிகாரத்தைக் கண்டு வியந்தவர்களுள், அதைத் திரட்டி வைத்தவரின் வாழ்வை அறிந்தவர் சிலரே. ஆதலின் அவர் வரலாற்றைச் சுருங்கக் கூறுதல் இவ்வாண்டு விழா மலருக்குப் பொருந்தும் என எண்ணுகிறோம்.

நவாப் அவர்கள் 1889-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் புனா நகரில் பிறந்தார். அவருடைய பாட்டனார் முதலாம் சாலார் ஜங், 1853 முதல் 1883-இல் தாம் மறையும் வரை முப்பது ஆண்டுகள் நிஜாமின் ராஜ்யத்தில் திவானாக இருந்து, சீர்குலைந்திருந்த வரிமுறையையும் நீதிமுறையையும் செப்பனிட்டுப் புகழ் பெற்றவர். தந்தையார் இரண்டாம் சாலார் ஜங்கும் அப்பதவியை வகித்தவரே. ஆனால், மகன் பிறந்த சில வாரங்களுக்குள்ளேயே அவர் காலமானார். தந்தையின் முகம் அறியாத அக்குழந்தைக்குப் பரந்த ஜாகீரும், முன்னோர் தொகுத்த கலைப்பொருள்களும், நாடறிந்த பெயரும் உரிமையாயின. வயது நிரம்பும் வரை அவருடைய சொத்துக்கள் அரசின் பாதுகாப்பில் இருந்தன.

ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் அரியணை ஏறிய மறு ஆண்டாகிய 1912-இல், இளைஞராகிய யூசுப் அலி கான் திவானாக நியமனம் பெற்றார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று. பாட்டனாரைப் போல் நெடுங்காலம் அப்பதவியில் அமர்வார் என்று ஊரார் எண்ணியிருக்கக்கூடும். அவ்வாறு நிகழவில்லை. 1914-ஆம் ஆண்டிலேயே அவர் பதவியைத் துறந்தார். அதன் பின் வாழ்ந்த முப்பத்தைந்து ஆண்டுகளையும், தம் செல்வத்தின் பெரும் பகுதியையும் கலைப்பொருள் சேர்ப்பதிலேயே செலவிட்டார். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. திவான் தேவடி என்னும் குடும்ப மாளிகையின் அறைகளும் கூடங்களும் ஆண்டுக்கு ஆண்டு நிறைந்துகொண்டே வந்தன.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாக்குதல் நன்று. அத்தொகுப்பு முழுவதும் ஒருவரே சேர்த்தது என்று மக்கள் பேசுவதுண்டு. பெரும் பகுதி அவர் சேர்த்ததே எனினும், அடித்தளம் பாட்டனார் இட்டது. முகத்திரையணிந்த ரெபெக்காள் என்னும் பளிங்குச் சிலை இத்தாலியச் சிற்பி பென்ஸோனி செதுக்கியது. அதை வாங்கியவர், 1876-இல் ஐரோப்பா சென்ற முதலாம் சாலார் ஜங் ஆவார். பேரனார் ஐரோப்பாவுக்கும் மேற்காசிய நாடுகளுக்கும் பயணம் செய்து பொருள் வாங்கியதோடு, மாளிகை தேடி வந்த வணிகர்களிடமும் வாங்கினார். பாரசீகச் சுவடிகள், சீனப் பீங்கான், மொகலாயர் காலத்துப் பச்சைக்கல் வேலைப்பாடுகள், தென்னாட்டு வெண்கலத் திருமேனிகள் என அவர் விருப்பம் எல்லையின்றி விரிந்தது. இவற்றினிடையே கடிகாரங்களும் வெள்ளிப் பொருள்களும் தனிச் சிறப்புடையன.

ஆளுயர நிலைக் கடிகாரம், மேசையில் வைக்கும் கடிகாரம், பறவைக் கூண்டு வடிவில் அமைந்த கடிகாரம், உள்ளிருக்கும் பற்சக்கரங்கள் யாவும் வெளியே தெரியுமாறு செய்த எலும்புக்கூட்டுக் கடிகாரம், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய சிறு கடிகாரம் எனப் பலவகைக் கடிகாரங்கள் அங்கே உள்ளன. பிரான்சு, இங்கிலாந்து, சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, ஹாலந்து ஆகிய நாடுகளின் தொழிற்றிறத்தை அவற்றில் ஒருசேரக் காணலாம். வெள்ளியில் ஐரோப்பிய விருந்து மேசைக் கலங்களும் உண்டு, நம் நாட்டு வேலைப்பாடுகளும் உண்டு. கருநிற உலோகத்தில் வெள்ளியைப் பதித்துச் செய்யும் பீதர் நகரத்து வேலையும், மயிர்போல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுருட்டிச் சேர்த்துச் செய்யும் கரீம்நகர்க் கம்பி வேலையும் நிஜாம் ராஜ்யத்திலேயே வளர்ந்த கலைகள். சீமைப் பொருளில் மோகம் கொண்டு உள்நாட்டுக் கைத்தொழிலை மறந்தவர் அல்லர் நவாப் அவர்கள்.

இவ்விரு வகைப் பொருள்களுக்கும் ஏலச் சந்தையில் நேரும் ஆபத்துக்கள் உண்டு. பழங்கடிகாரத்தின் மதிப்பு, உள்ளே ஓடும் இயந்திரமும் வெளியே உள்ள கூடும் தொடக்கம் முதல் ஒன்றாகவே இருந்தனவா என்பதைப் பெரிதும் பொறுத்தது. கை மாறும்போது ஒன்றின் கூட்டில் மற்றொன்றின் இயந்திரத்தைப் பொருத்தி விற்பாருண்டு. ஆகவே, முகப்பில் எழுதியிருக்கும் பெயரும் உள் தகட்டில் செதுக்கியிருக்கும் பெயரும் ஒத்திருக்கின்றனவா என்று அறிந்தோர் திறந்து பார்ப்பர். ஆங்கிலேய வெள்ளியில் சிறு முத்திரைகள் உண்டு. நடக்கும் சிங்கத்தின் உருவம், ஆயிரம் பங்கில் 925 பங்கு தூய வெள்ளி என்பதற்குச் சான்று. சோதனை நடந்த நகரத்தையும், ஆண்டையும், செய்தவர் பெயரையும் காட்ட வேறு குறிகள் உண்டு. இவற்றைப் படிக்கத் தெரிந்தவனுக்கு ஒரு வெள்ளிக் கிண்ணம் தன் பிறப்பு வரலாற்றைத் தானே சொல்லும். படிக்கத் தெரியாதவன் கையில் அகப்பட்டாலோ, அதன் விதி தராசுத் தட்டு. எடைக்கு விலை பெற்று, உருக்குமூசையில் வீழ்ந்து, வேலைப்பாடு முழுவதையும் இழந்து வெறும் கட்டியாகும்.

பெருங்குடும்பங்களின் தொகுப்புக்கள் இவ்வாறு சிதறியதற்கு உலகில் எடுத்துக்காட்டுக்கள் மிகுதி. ஸ்காட்லாந்திலிருந்த ஹாமில்டன் மாளிகையின் அரும்பொருள்கள் 1882-இல் லண்டனில் பதினேழு நாட்கள் ஏலம் போயின. பல தலைமுறை கூடிச் சேர்த்தவை, சுத்தியல் ஓசைக்கு ஒன்றாகப் பிரிந்து பல தேசங்களுக்குச் சென்றன. பின்னர் அம்மாளிகையும் இடிக்கப்பட்டது. ஏலத்தைக் குறை கூறுதல் நம் கருத்தன்று. சேர்ப்பவர்களுக்குப் பொருள் கிடைப்பதும் அவ்வழியேதான். ஆனால், ஏலத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் தனி விலை கிடைக்கும். எல்லாம் ஒன்றாயிருந்ததனால் விளைந்த பொருளுக்கு அங்கே விலையுமில்லை, கேட்பாருமில்லை.

அத்தகைய விதியே திவான் தேவடிக்கும் நேர்ந்திருக்கக்கூடும். 1949-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் நாள் நவாப் அவர்கள் காலமானார். நேர்வாரிசு எவருமிலர். காலமோ மிகக் குழப்பமானது. 1948 செப்டம்பரில் ஹைதராபாத் இந்திய யூனியனோடு இணைக்கப்பட்டு ஆறு மாதங்கூட ஆகவில்லை. அதே 1949 ஆகஸ்டில் ஜாகீர் முறையும் ஒழிக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக நிலவரி கொண்டு வாழ்ந்த பிரபுக் குடும்பங்களுக்கு வருவாய் நின்றது. விற்கத்தக்க பொருள் வீட்டில் இருந்தால் அதை விற்க எண்ணுவது அந்நிலையில் இயற்கையே. உறவினர் பலர் உரிமை கோரும் சொத்தைப் பங்கிடுதற்கு எளிய வழியும் ஏலமே. நாற்பதினாயிரத்திற்கும் மேற்பட்ட கலைப்பொருள்களும், ஆயிரக்கணக்கான சுவடிகளும், அவற்றினும் மிகுதியான நூல்களும் சிதறிவிட, ஒரு பட்டியலும் சில வாரங்களும் போதுமாயிருந்தன.

அவ்வாறு நிகழாமல் காத்தவர்களை நாம் மறத்தலாகாது. சொத்தைப் பராமரிக்க அரசாங்கம் ஒரு குழுவை அமைத்தது. அப்போது ஹைதராபாத் ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்த வெள்ளோடி அவர்கள், இத்தொகுப்பு மக்கள் காணும் அருங்காட்சியகமாதல் வேண்டும் என்னும் முயற்சிக்குத் துணை நின்றார். அயர்லாந்தில் பிறந்து இந்தியக் கலைக்குத் தொண்டு செய்த அறிஞர் ஜேம்ஸ் கஸின்ஸ், மாளிகையெங்கும் கிடந்த பொருள்களை வகைப்படுத்தி ஒழுங்குபடுத்தும் பணியில் ஈடுபட்டார். 1951-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள், பிரதமர் ஜவாஹர்லால் நேரு அவர்கள் திவான் தேவடியிலேயே அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தார். பின்னர் உயர் நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டிய உடன்படிக்கையின் வாயிலாகக் குடும்பத்தார் தொகுப்பு முழுவதையும் இந்திய அரசுக்கு வழங்கினர். உரிமையுடையோர் பலர் ஒருங்கே இசைந்து விட்டுக்கொடுத்த அச்செயல், சேர்த்தவரின் செயலினும் சிறிதன்று. 1961-இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றி இதை நாட்டு முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது. 1968-இல் தொகுப்பு இப்போதுள்ள ஆற்றங்கரைக் கட்டடத்திற்கு மாறியது.

இம்முடிவின் அருமை பின்னர் நிகழ்ந்த மற்றொன்றால் நன்கு விளங்கும். நிஜாமின் நகைகள் நெடுங்காலம் வழக்கில் சிக்கி, அயல்நாட்டார் கைக்குப் போய்விடுமோ என்ற அச்சம் எழுந்தது. இறுதியில் 1995-இல் இந்திய அரசு ஏறத்தாழ 218 கோடி ரூபாய் கொடுத்து அவற்றை வாங்க நேர்ந்தது. சாலார் ஜங் தொகுப்போ நன்கொடையாகவே நாட்டை வந்தடைந்தது.

இசைக் கடிகாரத்தைப் பற்றி ஒரு சொல். கல்கத்தாவில் வாணிகம் செய்த குக் அண்டு கெல்வி நிறுவனத்தார் அமைத்தது அது. முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட உறுப்புக்களை உடையது. அதிலுள்ள கொல்லன் உருவம் நொடிதோறும் சம்மட்டியால் தட்டுகிறது. மணி நிறைவதற்குச் சற்று முன் தாடி வைத்த சிறு பொம்மை மனிதன் கதவைத் திறந்து வெளிவந்து, மணிக்கு எத்தனையோ அத்தனை முறை ஒலித்துவிட்டு உள்ளே சென்று மறைகிறான். அதைக் காணப் பட்டுப் புடவை கட்டிய பெரியவர்களும், பள்ளிச் சிறுவர்களும், எம்மொழி பேசுவோரும் ஒரே முற்றத்தில் கூடுகின்றனர். ஒரு நவாபின் கூடத்தில் அவர் விருந்தினர் சிலருக்கு மட்டும் ஒலித்திருக்க வேண்டியது, இன்று அனைவர்க்கும் ஒலிக்கிறது. எத்தனை பெருந்தொகைக்கு ஏலம் போயிருந்தாலும் இப்பயன் விளைந்திராது.

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பின் பொருட்டு இங்கு வந்து குடியேறிய நமக்கும் இவ்வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. நம் வீடுகளில் நவாபின் செல்வம் இல்லை. ஆயினும் பாட்டி கொடுத்த வெள்ளிக் குங்குமச் சிமிழ், சாவி கொடுத்து ஓட்டும் பழைய சுவர்க் கடிகாரம், பெயர் வெட்டிய வெள்ளிக் கூஜா ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று பெரும்பாலோர் வீட்டில் இருக்கும். வீடு மாற்றும்போது இடமில்லை என்றும், பழையது என்றும் அவற்றைக் கடைக்கு எடுத்துச் செல்கிறோம். கடைக்காரர் எடை பார்த்து, சேதாரம் கழித்து, விலை சொல்கிறார். அதில் வெட்டியிருந்த பெயருக்கு அவர் விலை சொல்வதில்லை. சொல்லவும் இயலாது. விற்றே தீர வேண்டிய வறுமை வரின் விற்பதில் குற்றமில்லை. அத்தகைய தேவை இல்லாதபோது, அது எவருடையது, எந்த ஊரில் செய்தது, யார் கையால் வந்தது என்பதை ஒரு தாளில் எழுதி அப்பொருளோடு வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை. முத்திரையற்ற வெள்ளிக்கு அத்தாளே முத்திரையாகும். பிள்ளைகள் அதைப் படித்துப் போற்றுவார்களாக.