கொம்புக்கு வெள்ளி வாங்கிய சோழன்

மரக்காணம் என்றதும் உப்பளம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அங்குள்ள பூமீசுவரர் கோவில் சுவரில் சோழர் காலத்துக் கல்வெட்டுகளும் உண்டு. இந்தக் கடற்கரையை ஆண்ட சோழர்களில் ஒருவன், சீனாவுக்குக் காண்டாமிருகக் கொம்பு அனுப்பினான்!

அவன்தான் முதலாம் குலோத்துங்கன்.

தந்தை வழியில் அவன் சோழன் அல்ல. வேங்கி நாட்டுச் சாளுக்கிய மன்னன் ராஜராஜ நரேந்திரனின் மகன். தாய் அம்மங்கைதேவி, கங்கைகொண்ட ராஜேந்திர சோழனின் மகள்.

அதிராஜேந்திரன் பட்டம் ஏறிய சிறிது காலத்திலேயே மாண்டான். நாட்டில் ஒரே குழப்பம். 1070-ம் ஆண்டு, பேரன் அரியணை ஏறினான். அந்தச் சமயத்தில் இலங்கை சோழர் கையை விட்டுப் போயிற்று.

மண் போனால் என்ன? கடல் இருந்தது. வணிகப் பொருள்கள் மீதான சுங்கத்தை நீக்கினான். “சுங்கம் தவிர்த்த சோழன்” என்ற பெயர் அவனுக்கு நிலைத்தது.

சீனாவில் முத்து மழை

1077-ல் சோழ தூதர்கள் சீன அரசவைக்குச் சென்றார்கள். சீன ஏட்டில் மன்னன் பெயர் உருமாறி இருக்கிறது. ஆண்டை வைத்து அது குலோத்துங்கனே என்று ஆராய்ச்சியாளர் பலர் கொள்கின்றனர்.

தூதர்கள் மண்டியிட்டு, முத்தையும் கற்பூரத்தையும் அள்ளித் தூவினர். கண்ணாடித் தட்டு, பன்னீர், பெருங்காயம், கிராம்பு, யானைத் தந்தம் ஆகியவற்றோடு காண்டாமிருகக் கொம்பும் கொடுத்தனர்.

சீனர் இதைக் காணிக்கை என்று எழுதிக் கொண்டார்கள். பதிலுக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? 81,800 சரம் செப்புக்காசு; 52,000 தேல் எடை வெள்ளி. இது காணிக்கையா, வியாபாரமா?

கொம்பில் தாமரை

காண்டாமிருகம் தமிழகக் காட்டு விலங்கு அல்ல. கொம்பு பிற நாடுகளிலிருந்து வணிகர் கைமாறி வந்த சரக்கு.

மாட்டுக் கொம்பு போல அதனுள் எலும்பு கிடையாது. நகமும் முடியும் எந்தப் பொருளோ, அதே பொருள்தான். சீனக் கைவினைஞர் அகன்ற அடிப்பகுதியைக் குடைந்து கிண்ணம் ஆக்கினர். வெளியே தாமரை இலை, பைன் மரம், டிராகன் என்று செதுக்கினர். நஞ்சு ஊற்றினால் கிண்ணம் காட்டிக்கொடுக்கும் என்று நம்பிக்கை! அரசர்கள் விரும்பியதில் வியப்பில்லை.

இன்று காட்சிசாலைகளில் உள்ள கிண்ணங்களில் பெரும்பாலானவை குலோத்துங்கனுக்குப் பல நூற்றாண்டு பிந்தியவை. பாவ் தியன்செங் போன்ற சிலர் மட்டுமே தம் பெயரைப் பொறித்தனர். மற்றவர் பெயர் போயிற்று. கொம்புக்காக மடிந்த விலங்குகளுக்கும் கணக்கில்லை. 1993-ல் சீனாவே கொம்பு வியாபாரத்தைத் தடை செய்தது.

குலோத்துங்கன் சுமார் 50 ஆண்டு ஆண்டான். முதுமையில் அவன் படை, கருணாகரத் தொண்டைமான் தலைமையில் கலிங்கத்தை வென்றது. ஜெயங்கொண்டார் அதைப் பரணியாகப் பாடினார். சீனாவுக்குப் போன தூதர்களின் பெயர்களோ, சீனர் காதில் விழுந்தபடி, சீன எழுத்தில்தான் இருக்கின்றன.