தன்னந்தனியாக ஏமி ஜான்சன்

லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு எத்தனை தூரம் தெரியுமா? ஏமி பறந்த வழியில் சுமார் 17,700 கி.மீ.!

1903-இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் பிறந்தவர். லண்டனில் வக்கீல் ஆபீஸ் டைப்பிஸ்ட். வேலை பார்த்துக்கொண்டே விமானம் ஓட்டவும், எஞ்சின் ரிப்பேர் பார்க்கவும் கற்றார். அதுவரை அவர் பறந்த அதிக தூரமே லண்டன் டு ஹல்தான்!

1930 மே 5, குராய்டன் விமான நிலையத்திலிருந்து பழைய விமானத்தில் தனியாகக் கிளம்பினார். ரேடியோகூட கிடையாது. ரங்கூனில் பள்ளத்தில் இறங்கி இறக்கை உடைந்தது. ரிப்பேருக்கே சில நாள் போச்சு. ஹிங்க்லரின் பதினைந்தரை நாள் சாதனையை முறியடிக்கும் ஆசையும் போச்சு. ஆனாலும் திரும்பவில்லை! மே 24-இல் டார்வினில் இறங்கினார். இந்த வழியில் தனியாகப் பறந்த முதல் பெண் அவர்தான்.

1941-இல், போர்க்காலப் பணியில் விமானம் ஓட்டும்போது இறந்தார்.

2018-இல் லண்டன்–பெர்த் நேரடி விமானத்துக்கு ஆனது சுமார் 17 மணி நேரம். ஏமிக்கு ஆனது பத்தொன்பது நாள். ஆனால் முந்திப் போனது ஏமிதானே!